டயக்னோசிஸ் அபா, டோக்தோர்?

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணி. கிளினிக்ல இன்னும் ஆறு பேர் உக்காந்திருக்காங்க, நான் போனை காதுல வச்சுக்கிட்டு பதினேழு நிமிஷமா ஹோல்ட் மியூசிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எதிர்ல ஒரு அக்கா. நம்ம மலேசியாவுல, பினாங்கு பாயான் லெப்பாஸ் பெக்டரில ஆபரேட்டர், பன்னெண்டு மணி நேர ஷிப்ட், முழுக்க நின்னுக்கிட்டே வேலை. மூணு மாசமா அசதி, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது, மாசாமாசம் பத்து நாள் போகுதுன்னு தயங்கித் தயங்கி சொன்னாங்க. கண் இமைய கீழ இழுத்துப் பாத்தா சிவப்பே இல்ல, வெளுத்துப் போயி கெடக்கு. ரத்தம் கம்மின்னு தெரியுது, எவ்வளவு கம்மின்னு தெரியணும், அதுக்கு ஒரு எஃப்பிசி, அதாவது முழு ரத்தப் பரிசோதனை எடுக்கணும். அவ்வளவுதான் விஷயம். ஆனா அவங்க கம்பெனி குடுத்த மருத்துவ கார்டுல லேப் டெஸ்ட்டுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும், அதுக்குத்தான் இந்தப் போன்.

கடைசில ஒரு பொண்ணு லைன்ல வந்துச்சு. குரல் கேட்டா நம்ம வீட்டு புள்ள மாதிரி இருக்கு, இருபத்தி மூணு வயசுதான் இருக்கும்.

"டயக்னோசிஸ் அபா, டோக்தோர்?"

நோய் என்னன்னு மலாய்ல கேட்டுச்சு. அனீமியா, அதான் ரத்தசோகை மாதிரி தெரியுதுன்னேன். சஸ்பெக்ட்னு சிஸ்டத்துல போட முடியாதாம், கன்பர்ம் ஆன டயக்னோசிஸ்தான் வேணுமாம். கன்பர்ம் பண்றதுக்குத்தாம்மா டெஸ்ட்டே கேக்குறேன்னு சொன்னா அது கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி என்ன காரணம்னு கேட்டுச்சு. நானும் புத்தியில்லாம உண்மைய சொல்லிட்டேன், மாதவிடாய்ல ரத்தம் அதிகமா போகுதுன்னு. "ஓ, இது கைனி டோக்தோர், எக்ஸ்க்ளூஷன்ல வருது." பொம்பளைங்க நோய், அதுக்கு கார்டு காசு குடுக்காதுன்னு அர்த்தம். மன்னிப்பு கேட்டுட்டு வச்சிடுச்சு. அது மேல கோவமே வரல, ஸ்கிரீன்ல என்ன வருதோ அதைத்தான் படிக்குது.

அந்த அக்கா நான் போனை வைக்கிறத பாத்துட்டு, "பரவாயில்ல டாக்டர், சத்து மாத்திரை மட்டும் குடுங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" அப்படின்னாங்க. விட மனசு வரல, லேப்காரன் எங்கிட்ட வாங்குற வெலைக்கே போட்டு ரத்தம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலைல ரிசல்ட், ஹீமோகுளோபின் 7.1. பொம்பளைங்களுக்கு 12க்கு மேல இருக்கணும். இதோட அவங்க முந்தின நாள் நைட் ஷிப்ட் போயிட்டு வந்திருக்காங்க.

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டர் பொலம்பினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும், கார் வச்சிருக்கான் வீடு வச்சிருக்கான் இவனுக்கு என்ன கொறைன்னு தோணும். சம்பாத்தியத்த பத்தி எழுத வரல. ஓரளவு வரும் ஆனா அது முக்கியம் இல்ல.

நான் மணிப்பால்ல படிச்சிட்டு வந்து அரசாங்க ஆஸ்பத்திரில சர்வீஸ் முடிச்சிட்டு பாயான் பாருல இந்தக் கடைய தொறந்து (எங்கம்மா கடைசி வரைக்கும் கிளினிக்க கடைன்னுதான் சொல்வாங்க) இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பல்லாம் பெக்டரிலேருந்து ஒரு துண்டு சீட்டு எடுத்துக்கிட்டு வருவாங்க, எச்ஆர் கையெழுத்து இருக்கும், நான் பாத்துட்டு மாசக் கடைசில பில் அனுப்புவேன், கம்பெனி செக் அனுப்பும். சந்தேகம் இருந்தா எச்ஆர் அம்மா நேரா போன் போடுவாங்க, "டாக்டர், அந்தப் பையனுக்கு மூணு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு சீட்டு) குடுத்தீங்களே, நெசமாவே முடியலையா?" நானும் ஆமாங்க கால்ல தையல் போட்டிருக்கேன்னு சொல்வேன். முடிஞ்சுது. அதுவும் ஒரு வகைல கண்காணிப்புதான். ஆனா அந்தம்மாவுக்கு என்னை தெரியும், எனக்கும் அவங்கள தெரியும், தீபாவளிக்கு முறுக்கு போகும், சீனப் புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சு வரும்.

அப்புறம் நடுவுல ஒருத்தர் வந்தார். எம்சிஓன்னாலும் (மேனேஜ்ட் கேர் நிறுவனம்) டிபிஏன்னாலும் எங்களுக்கு ஒண்ணுதான், கம்பெனிக்கும் கிளினிக்குக்கும் நடுவுல உக்காந்து பில்ல பாக்குற ஆளு. இப்ப நோயாளி வந்தா ஐசிய (அடையாள அட்டைய) வாங்கி அவங்க போர்ட்டல்ல தட்டணும், லிமிட் எவ்வளவுன்னு வரும். ஒரு விசிட்டுக்கு 50 வெள்ளின்னு (ரிங்கிட்) வரும், 40ன்னும் வரும், அதுக்குள்ள என் கன்சல்டேஷன், மருந்து, ஊசி, ட்ரெஸ்ஸிங் எல்லாம் அடங்கணும். பிரஷர் சுகர் எல்லாம் நாள்பட்ட நோய், கவர் இல்ல. வைட்டமின் கவர் இல்ல. ஒரு பேனல்ல (இந்த மாதிரி நிறுவனத்தோட கிளினிக் பட்டியல்) என் கன்சல்டேஷன் 15 வெள்ளி. வீட்டுக்கு ஏர்கோன் சர்வீஸ் பண்ண வர்ற பையன் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறான்னு நான் சொல்ல வேணாம்.

அரசாங்க கட்டண அட்டவணைய பாத்தா அது இன்னொரு கதை. 586 சட்டம்னு நாங்க சொல்ற தனியார் சுகாதார சட்டம் 1998ல வந்து 2006 மே மாசம் அமலுக்கு வந்துச்சு. அதோட வந்த விதிமுறைல ஜிபி (பொது மருத்துவர்) கன்சல்டேஷன் 10லேருந்து 35 வெள்ளி வரைக்கும்னு போட்டாங்க, அதுவே மருத்துவர் சங்கத்தோட பழைய 1992 கட்டண பட்டியல வச்சு போட்டது, அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல அதே 35தான் இருந்துச்சு. இதுக்கு நடுவுல வாடகை ஏறுது, மருந்து வெலை ஏறுது, 2025ல குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 ஆச்சு, அது ஆகணும், என் கவுண்டர் புள்ளைங்களும் சாப்பிடணும் இல்லையா. அப்ப டாக்டர் எங்க புடிக்கிறாரு? மருந்துல. இந்த ஊர்ல ஜிபியே மருந்தும் குடுக்குறதால என் உழைப்போட கூலி எல்லாம் மருந்து பாக்கெட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. இருமல் மருந்து பாட்டிலுக்குள்ள என் மூளைக்கான காச வச்சு விக்கிறேன். வெக்கமாத்தான் இருக்கு.

சரி, காச விடுங்க. டெங்கி கதைய சொல்றேன்.

சுங்கை பட்டாணிலேருந்து வந்து இங்க ரூம் எடுத்து தங்கி வேலை பாக்குற ஒரு பையன், டெக்னீஷியன், இருபத்தாறு வயசு. மூணாவது நாள் காய்ச்சலோட வந்தான், என்எஸ்1 (டெங்கி டெஸ்ட்) பாசிட்டிவ். டெங்கின்னா 24 மணி நேரத்துக்குள்ள சுகாதார இலாகாவுக்கு தகவல் சொல்லணும், 1988 தொற்றுநோய் சட்டம், சொல்லிட்டேன். டெங்கில காய்ச்சல் இருக்குற நாள விட காய்ச்சல் விடுற நாள்தான் பயம். நாலு அஞ்சு நாள் ஆனதும் உடம்பு குளுந்துடும், பையன் எழுந்து உக்காந்து நாசி லெமாக் கேப்பான், வீட்ல எல்லாரும் அப்பாடான்னு இருப்பாங்க, அப்பதான் ரத்தக் குழாய்லேருந்து நீர் கசிய ஆரம்பிக்கும், பிளாட்லெட் இறங்கும், ஹீமாட்டோக்ரிட் ஏறும், அதாவது ரத்தம் கெட்டியாகும். அதனால தினம் வரணும், தினம் ரத்தம் பாக்கணும். இது எந்த ஹவுஸ்மேனுக்கும் (பயிற்சி டாக்டர்) தெரியும்.

போர்ட்டலுக்கு தெரியாது. அதுக்கு தெரிஞ்சதெல்லாம் ஒரே ஆளு, ஒரே டயக்னோசிஸ், மூணு நாளைக்குள்ள ரெண்டாவது விசிட். செவப்பு கலர்ல ஒரு பெட்டி வந்து காரணம் எழுதச் சொல்லுது. எழுதினேன். மறுநாளும் வந்துச்சு, மறுபடி எழுதினேன். அஞ்சாவது நாள் அந்தப் பையனே, "டாக்டர், காய்ச்சல்தான் விட்டுருச்சே, நாளைக்கு வரலையே, கார்டுல ரிஜெக்ட் ஆனா என் சம்பளத்துல புடிப்பாங்களாம்" அப்படிங்கிறான். டேய் தம்பி, காய்ச்சல் விட்டதுனாலதான்டா உன்னை வரச் சொல்றேன்னு கத்திட்டேன். வந்தான், பிளாட்லெட் 64 ஆயிரம், வயித்து வலி வேற, ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதி அனுப்பினேன். நல்லா ஆயிட்டான், இப்ப ரோட்ல பாத்தா மோட்டாரை நிறுத்திட்டு கை காட்டுவான்.

எழுபது நாள் கழிச்சு கிளெய்ம் காசு வந்தப்ப ரெண்டு விசிட்டோட கன்சல்டேஷன வெட்டியிருந்தாங்க. மொத்தம் 30 வெள்ளி. 30 வெள்ளிக்கா இந்தப் பொலம்பல்னு என் பொண்டாட்டியே கேட்டா. அதுக்கில்ல. அடுத்த மாசம் இன்னொரு டெங்கி கேஸ், அதே பேனல் கார்டு. நான் பிரிஸ்கிரிப்ஷன் எழுதிக்கிட்டே, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" அப்படின்னு சொல்லிட்டேன். என் வாயிலேருந்துதான் வந்துச்சு. யாரும் சொல்லச் சொல்லல, போர்ட்டல் அப்ப தொறந்து கூட இல்ல. அந்த அம்மா கதவு வரைக்கும் போனதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது, ஓடிப் போயி நாளைக்கே வாங்கன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கம் வரல.

இதைத்தான் சொல்ல வந்தேன். உங்க கைய கட்டுறோம்னு எவனும் வந்து சொல்லல. இந்த டெஸ்ட் எடுக்காதேன்னு ஒரு நாளும் ஒரு லெட்டர் வரல. ஒரு பெட்டி, ஒரு கேள்வி, ஒரு வெட்டு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் நாமளே கைய கட்டிக்கிறோம். எம்சியும் அப்படித்தான். உங்க கிளினிக்ல எம்சி விகிதம் மத்த கிளினிக்க விட கூடன்னு ஒரு தடவ ஈமெயில் வந்துச்சு, குறைங்கன்னு அதுல எழுதல, கூடன்னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. முதுகு வலின்னு வந்த லோரி டிரைவருக்கு ரெண்டு நாள் எழுதப் போன கை ஒரு நாள்னு எழுதிச்சு.

இத்தனைக்கும் சட்டம் இருக்கு! அதே 586ல மேனேஜ்ட் கேருக்குன்னு தனி பாகமே இருக்கு. 83ஆவது பிரிவ படிச்சுப் பாருங்க, நோயாளிக்கு சிகிச்சை குடுக்குறதுல டாக்டருக்கு இருக்குற அதிகாரத்த மாத்துற மாதிரி எந்த ஒப்பந்தமும் அந்த நிறுவனங்களோட போடக் கூடாதுன்னு சொல்லுது. எழுதினவங்க நல்லாத்தான் யோசிச்சு எழுதியிருக்காங்க. ஆனா என் அதிகாரத்த யாரும் மாத்தலையே. டெஸ்ட் எடுக்க எனக்கு முழு அதிகாரம் இருக்கு, காசு மட்டும் வராது. கோர்ட்டுக்குப் போனா என்னன்னு சொல்றது, செவப்பு பெட்டி வந்துச்சு யுவர் ஆனர்னா?

என் கிளாஸ்மேட் ஒருத்தன் தீவுலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரில சர்ஜன். ஞாயித்துக்கெழமை நாசி கண்டார் கடைல பாத்துக்குவோம். அவன் கதை என்னோடத விட மோசம். எனக்கு 50 வெள்ளி, அவனுக்கு ஆயிரக் கணக்குல, அதனால கேள்வியும் அந்த அளவுக்கு. ஜிஎல் (காசு கட்டுறோம்னு இன்சூரன்ஸ் குடுக்குற கடிதம்) வர்ற வரைக்கும் நோயாளி பச்சத் தண்ணி குடிக்காம படுத்திருக்கணும், டிஸ்சார்ஜ் அன்னைக்கு பைனல் ஜிஎல் வர்ற வரைக்கும் பைய கட்டி வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கணும், திட்டு மட்டும் வார்டு நர்ஸுக்கும் இவனுக்கும். அதெல்லாம் பழகிப் போச்சு மச்சான், ஒண்ணுதான் பழகலைன்னான்.

நம்ம படிக்கிறப்ப மொதல்ல சொல்லிக் குடுத்தது என்ன, நோயாளி சொல்றத கேளு, பாதி டயக்னோசிஸ் அவன் வாயிலயே இருக்குன்னுதானே. இப்ப நோயாளி இவன்கிட்ட பொய் சொல்றாங்களாம். ஏன்னா இங்க மெடிக்கல் கார்டு (மருத்துவ இன்சூரன்ஸ்) எடுத்தா மொத முப்பது நாள் வெயிட்டிங், பித்தப்பை கல், ஹெர்னியா, மூலம், பிரஷர், சுகர் இந்த மாதிரி குறிப்பிட்ட நோய்க்கு 120 நாள். அதுக்கு முன்னாடியே வலி இருந்துச்சுன்னு டாக்டர் நோட்ல ஒரு வரி இருந்தா போதும், கிளெய்ம் போச்சு. ஒரு அம்மா வயித்த புடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க, எத்தன நாளா வலின்னு கேட்டா முன்னாடி புருஷன் மூஞ்ச பாத்துட்டு, "போன வாரத்துலேருந்துதான் டாக்டர்" அப்படின்னாங்களாம். ஸ்கேன்ல பாத்தா பித்தப்பை செவுரு தடிச்சுப் போயி வருஷக் கணக்கா இருக்குற மாதிரி இருக்கு. "நான் எழுதுறது அவங்களுக்கு எதிரா சாட்சியா போகுதுடா. அவங்களுக்கும் அது தெரியுது. அப்புறம் எப்படி என்கிட்ட உண்மைய சொல்லுவாங்க?" பொரிச்ச கோழிய அப்படியே தட்டுல வச்சுட்டு கேட்டான்.

அவனுக்கு சந்தோஷமான நாள் எதுன்னு கேட்டேன், சிரிச்சிட்டு, மேடான் பிளைட் வர்ற நாள்னான். பினாங்குல இருக்குறவங்களுக்கு தெரியும், சுமத்ராவுலேருந்து வைத்தியத்துக்கு இங்க வர்றவங்க கூட்டம் எவ்வளவுன்னு. அவங்கள்ல நெறைய பேரு சொந்தக் காசு. ஒரு குடும்பமே வந்து எதிர்ல உக்காரும், இவன் பேப்பர்ல படம் போட்டு காட்டுவான், பெரியவர் ரெண்டு கேள்வி கேப்பாரு, பத்து நிமிஷத்துல முடிவு, எவனுக்கும் போன் போட வேணாம். "அன்னைக்கு மட்டும் நான் டாக்டரா இருக்கேன் மச்சான்." எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு. சொந்த ஊர் ஆபரேட்டர் அக்காகிட்ட டாக்டரா இருக்க முடியல, கடல் தாண்டி காசோட வந்தவங்ககிட்ட இருக்க முடியுதுன்னா என்ன சொல்றது.

இருங்க, மறுபக்கமும் இருக்கு, அதை சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்ல. எங்க ஆளுங்க பண்ண கூத்துனாலதான் பாதி இந்த நிலைமை. கார்டு இருக்கான்னு கேட்டுட்டு பில் போடுற பழக்கம் யாருக்கு இல்ல? எம்ஆர்ஐ எடுக்க படுக்கை எதுக்கு, ஆனா நம்ம ஊர் கார்டு பெரும்பாலும் அட்மிட் ஆனாத்தான் வேலை செய்யும்கிறதால ஒரு ராத்திரி படுக்க வச்சு எடுக்குறாங்க, நோயாளிக்கும் லாபம் ஆஸ்பத்திரிக்கும் லாபம், காசு எங்கேருந்து வருதுன்னா எல்லாரோட பிரீமியத்துலேருந்தும். 2024ல பிரீமியம் ஏறுச்சே, எங்க அக்கா வீட்டுக்கு வந்த லெட்டர பாத்துட்டு மாமா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. கடைசில பேங்க் நெகாரா (நம்ம மத்திய வங்கி) தலையிட்டு டிசம்பர்ல சொல்லுச்சு, ஏத்துறத கொறஞ்சது மூணு வருஷத்துக்கு பிரிச்சு ஏத்துங்கன்னு. அதுக்கு சில மாசம் முன்னாடிதான் நோயாளியும் ஒரு பங்கு கட்டுற மாதிரி கோ-பேமண்ட் திட்டமும் வச்சிருக்கணும்னு வந்துச்சு. ஒருத்தர் கணக்கு பாக்கத்தான் வேணும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. நானும் ஒரு காலத்துல சளிக்கு ஆன்டிபயாடிக் அள்ளிக் குடுத்தவன்தான், அப்ப யாராவது கேள்வி கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா கேக்குறவன் டாக்டரா இருக்கணும், நோயாளிய பத்தி கேக்கணும்.

அமெரிக்காவுல என் சித்தப்பா பையன் இருக்கான், நியூ ஜெர்சில இன்டெர்னிஸ்ட் (பெரியவங்களுக்கான பொது மருத்துவ நிபுணர்). இந்த மேனேஜ்ட் கேர் மரமே அங்க வளந்ததுதானே, 1973ல நிக்சன் கையெழுத்து போட்ட எச்எம்ஓ சட்டத்துக்கு அப்புறம் கெளை விட்டு வளந்துச்சு. ப்ரையர் ஆத்தரைசேஷன்னு அவங்க சொல்றது நம்ம அப்ரூவல்தான், அதுக்குன்னே ஆள் வச்சிருக்கானாம். மறுத்தாங்கன்னா அவங்க கம்பெனி டாக்டரோட இவன் போன்ல வாதாடலாம், ஆனா முட்டி வலிக்கு வாதாடினா எதிர்ல வந்தவர் கண் டாக்டரா இருந்தாராம். கைசர்ங்கிற மருத்துவ நிறுவனத்துல வேலை பாக்குற அவன் பிரெண்டு மட்டும் பரவாயில்லைங்கிறானாம், அங்க டாக்டர் குழுவே தனியா இருந்து சிகிச்சை விஷயத்த அவங்களே பாத்துக்குறாங்க, சம்பளம், பில் தலைவலி இல்ல. அப்ப கணக்கு பாக்குறதுல பிரச்சினை இல்ல, யார் பாக்குறாங்கங்கிறதுலதான்னு எனக்கு பட்டுச்சு.

2025 மே மாசம் நான் வாழ்க்கைல மொத தடவையா ஊர்வலம் போனேன். மருந்து வெலைய கிளினிக்ல எழுதி வைக்கணும்னு மே 1லேருந்து உத்தரவு, அதுவும் எங்க 586 சட்டத்துல இல்ல, விலைக் கட்டுப்பாட்டு சட்டத்துல, அதாவது மளிகைக் கடைய பாக்குற அதிகாரி வந்து என்னை பாப்பாரு. 6ஆம் தேதி புத்ராஜெயாவுல சில நூறு டாக்டருங்க கூடி பிரதமர் அலுவலகத்துக்கு நடந்தோம். நான் விடிகாலைல பாலத்த தாண்டி கார்ல போனேன். வெயிலு. பக்கத்துல கோலாலம்பூர்க்காரர் ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், செந்தூல்ல நாப்பது வருஷம் கிளினிக்காம். அவரு சொன்னாரு, "தம்பி, வெலைய எழுதுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. மருந்துக்கு வெலை போட்டுட்டாங்க, நமக்கு வெலை எப்பவோ போட்டுட்டாங்க, இப்ப ரெண்டையும் ஒட்டி வச்சா ஜனங்க நம்மள திருடன்னு நெனப்பாங்களேன்னுதான் வந்தேன்." மருந்து பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வச்ச கூலின்னு மேல சொன்னேனே, அதுதான். திரும்பி வர்றப்ப ஈப்போ ரெஸ்ட் ஏரியாவுல தே தாரிக் குடிச்சிட்டு தனியா உக்காந்திருந்தப்ப தோணுச்சு, ஊர்வலத்துல வந்த எல்லாருமே ஜிபி, வயசு அம்பதுக்கு மேல நெறைய பேரு, புள்ளைங்கள டாக்டருக்கு படிக்க வைக்கிறீங்களான்னு கேட்டா பாதிப் பேரு சிரிச்சாங்க. என் மகளும் டேட்டா சயின்ஸ்தான் படிக்கிறா. நல்லவேளை, அந்தப் போர்ட்டல எழுதுற வேலைக்குப் போகாம இருந்தா சரி.

அந்த அக்காவுக்கு இரும்பு மாத்திரை போயிக்கிட்டு இருக்கு, அரசாங்க கிளினிக் வழியா கைனிக்கு லெட்டர் குடுத்தேன், ஸ்கேன் தேதி வந்துருச்சாம். நேத்து வந்தப்ப ஒரு பை நெறைய முருங்கைக்கீரை. "உங்களுக்கு இல்ல டாக்டர், நர்ஸ் புள்ளைங்களுக்கு"ன்னு சொல்லிட்டு போனாங்க.

அதே பேனலோட கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற பேப்பர் ரெண்டு வாரமா என் மேசைல கெடக்கு. பதினாலு பக்கம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். பதினோராவது பக்கத்துல, கிளினிக் எங்களோட சிகிச்சை வழிகாட்டிய அனுசரிச்சு நடக்கணும், தேவையான நேரத்துல நாங்க அதை மாத்துவோம்னு ஒரு வரி. நான் அதுக்குப் பக்கத்துல பென்சில்ல 83ன்னு எழுதி வட்டம் போட்டு வச்சேன். என் நோயாளிங்கள்ல பத்துல நாலு பேரு அந்தக் கார்டுலதான் வர்றாங்க, கையெழுத்து போடுவேன்னுதான் நெனைக்கிறேன். நேத்து ராத்திரி கணக்கு பாத்துக்கிட்டு இருந்த என் பொண்டாட்டி அந்தப் பக்கத்த பாத்துட்டு ரப்பர எடுத்து என் பக்கம் தள்ளினா. "ஏங்க, அனுப்புறதுக்கு முன்னாடி அதை அழிச்சிடுங்க."